காலருக்குள் அரை நிலா

“அம்மா, இது யாரோட ரத்தம்னு சட்டைக்குத் தெரியுமா?”

சலவைக்காரியின் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. தொட்டியின் விளிம்பில் தாடையை ஊன்றிக்கொண்டு, தண்ணீருக்குள் ஒரு நீலச் சட்டையிலிருந்து சிவப்பு இழை இழையாகப் பிரிந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தண்ணீரைக் கொட்டி மாற்றினாள். அந்த வாரத்தில் அது ஏழாவது ரத்தச் சட்டை.

தெருக்கோடியில் இருந்த இரும்பு ஃபவுண்டரியில் வேலைநிறுத்தம் தொடங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. முதலாளி சும்மா இருக்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிய லாரியில் தினமும் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து உள்ளே இறக்கினார். வேலைநிறுத்தக்காரர்கள் கேட்டில் நின்று கல்லெறிந்தார்கள். லாரியிலிருந்தும் கல் வந்தது. பிறகு கல் போதவில்லை, இரும்புக் கம்பி வந்தது. பல் உடைந்தது, மண்டை பிளந்தது, ஒருவனுக்குக் கண் போயிற்று. ஃபவுண்டரிக்காரர்கள் அனைவரும் சலவைக்காரியிடம்தான் துணி போட்டார்கள். அதனால் கேட்டில் சிந்திய ரத்தமெல்லாம் கடைசியில் அவள் தொட்டிக்கு வந்து சேர்ந்தது.

ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான் மருந்து. வெந்நீர் பட்டால் ரத்தம் நூலிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தச் சோப்புக்கும் அசையாது. இது தெரியாமல் வீட்டில் வெந்நீர் ஊற்றிவிட்டு அவளிடம் ஓடி வருகிறவர்கள் உண்டு. அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒவ்வொரு சட்டையின் காலருக்கு உள்பக்கமும் அழியாத மையால் ஒரு குறி இருக்கும். ஒருவருக்கு மீன், ஒருவருக்குக் கூரை, ஒருவருக்கு இரண்டு கோடு. அவள் தம்பிக்கு அரை நிலா. மாமா சிரித்தால் வாய் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக் குழந்தைதான் அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்தாள். தம்பியும் ஃபவுண்டரிக்காரன். அக்காவின் கணவன் இறந்த பிறகு கடைக்குப் பின்னாலிருந்த அறையில் வந்து தங்கியவன். வருகிறவர்களையெல்லாம் அதட்டுவதால் அக்கா மகளுக்கு ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் இருந்தது. வாடிக்கைக்காரர் துணி ஒரு மணி நேரம்கூட வேறு உடம்பில் ஏறக்கூடாது. கணவன் உயிரோடு இருந்தபோது ஒரு கல்யாணத்துக்கு வாடிக்கைக்காரரின் பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். அந்த வாடிக்கைக்காரர் அங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்று பட்ட அவமானத்தில் அவள் சாமி படத்தின் முன் கை வைத்துச் சொன்ன சட்டம் அது. இந்தக் கதையில் நடந்த விபரீதமெல்லாம் அந்த நேர்மையிலிருந்துதான் வந்தது.

ஒரு நாள் நண்பகலில் கேட்டுப் பக்கம் கூச்சல் எழுந்தது. லாரியை மறித்து, தார்ப்பாயைக் கிழித்து, கையில் அகப்பட்டவர்களை இழுத்துப் போட்டு அடிக்கிறார்கள் என்று தெருவில் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். அவள் முன்கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது, துணி உலர்த்தும் பின்முற்றத்தில், வெள்ளைப் போர்வைகளுக்கு நடுவே ஒருவன் நின்றிருந்தான். இருபத்தைந்து வயது இருக்கலாம். ஒரு காது பாதி கிழிந்து கன்னத்தில் தொங்கியது. தலையிலிருந்து வழிந்த ரத்தம் ஒரு கண்ணை மூடிவிட்டது. விழாமலிருக்கப் போர்வையைப் பிடித்தான். போர்வையில் ஐந்து விரலும் பதிந்தன.

தண்ணீர் வேண்டும் என்று கேட்டான். குழந்தைதான் முதலில் நகர்ந்தாள். சொம்பில் மொண்டுகொண்டு போய்க் கொடுத்தாள்.

பின்சந்தில் காலடிகள் கேட்டன. யோசிக்க நேரமில்லை. அவனை ஒரு பெரிய பிரம்புக் கூடைக்குள் உட்கார வைத்து, மேலே ஈரப் படுக்கை விரிப்புகளை அள்ளிப் போட்டாள். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் வீசினாள். சலவைக்கடைத் தரை ஈரமாக இருப்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

நான்கு பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவனுக்குத் தெருவில் ‘முட்டி’ என்று பெயர். பேச்சு தீருமுன் கை முட்டி பேசிவிடும். அவன் கையிலிருந்த கம்பியின் நுனியில் முடி ஒட்டியிருந்தது. யாராவது இந்தப் பக்கம் வந்தானா என்று குழந்தையிடம் குனிந்து கேட்டான்.

“செருப்போட உள்ள வந்திருக்கீங்க மாமா. துணி அழுக்காகும்ல?”

பின்னால் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். முட்டி சிரிக்கவில்லை. முதல் கூடைக்குள் கம்பியைச் செருகி அடிவரை குத்தினான். இழுத்தபோது ஒரு தலையணை உறை கிழிந்துகொண்டு வந்தது. இரண்டாவது கூடைக்குத் திரும்பினான். சலவைக்காரி தன் வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகாதவள். அப்போதும் சொல்லவில்லை.

“இங்க இருக்கிறது எல்லாம் நான் துவைக்க எடுத்தது. உன் புது பேண்டும் அந்தக் கூடையிலதான் கிடக்கு. குத்திக் கிழிச்சா அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே.”

அது உண்மைதான். அவன் பேண்ட் அந்தக் கூடையின் அடியில்தான் கிடந்தது. அதன்மேல்தான் அந்த அந்நியன் உட்கார்ந்திருந்தான். முட்டி கம்பியைப் பின்னுக்கு இழுத்தான். ஈர விரிப்பில் அதன் நுனியைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். அந்தக் கோடு நெடுநேரம் சிவப்பாக இருந்தது.

கூடையிலிருந்து வெளியே எடுத்தபோது அந்நியனுக்குப் பல் தந்தியடித்தது. அவள் காதைத் தூக்கிப் பொருத்தி, பழைய துணியால் தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டே பேசினான். வேலை இருக்கிறது என்று சொல்லித்தான் லாரியில் ஏற்றினார்களாம்; வேலைநிறுத்தம் என்று ஒருவரும் சொல்லவில்லையாம். அவள் அதை நம்பினாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. காது கிழிந்தவனிடம் கணக்குக் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ரத்தச் சட்டையோடு அவன் தெருவில் பத்து அடி நடக்க முடியாது. அலமாரியில் நூறு சட்டைகள் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தன. அவள் கை அவற்றின் பக்கம் போய்த் திரும்பியது. ஊராரின் துணி அது. ஆணியில் தொங்கிய தம்பியின் சட்டையை எடுத்தாள்.

“இது என் தம்பியோடது. இங்க பாரு, அரை நிலா. வாடிக்கைக்காரங்க சட்டை இல்ல. தயங்காம போட்டுக்க.”

காலரைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தாள். பின்சந்து வழியாகப் போனால் சைக்கிள் கடை முனையில் பெரிய சாலை வரும் என்று சொன்னாள். வாசல் தாண்டும்போது பழக்கதோஷத்தில் இன்னொன்றும் சொன்னாள்: தலைக்கட்டு நனைந்து ரத்தம் சட்டையில் இறங்கினால் பச்சைத் தண்ணீரில் அலசு, வெந்நீர் ஊற்றிவிடாதே. அவன் அந்த நிலையிலும் தலையாட்டினான்.

சைக்கிள் கடை முனையில் அவன் அகப்பட்டான். தலைக் கட்டைப் பார்த்து ஒருவன் பின்னாலிருந்து காலரைப் பிடித்தான். அந்நியன் முழு பலத்தோடும் முன்னால் பாய்ந்தான். காலர் கிழிந்து பிடித்தவன் கையிலேயே நின்றுவிட்டது. அந்நியன் ஓடிப்போய், பின்வாங்கிக்கொண்டிருந்த லாரியைத் தொற்றிக்கொண்டு தப்பினான்.

காலரை முட்டி வாங்கித் திருப்பிப் பார்த்தான். ஃபவுண்டரிக்காரர்கள் எல்லோரும் வாரந்தோறும் அவள் கடையில் தங்கள் தங்கள் குறியைத் தேடித் துணி எடுப்பவர்கள். அடுத்தவன் குறியும் அவர்களுக்கு மனப்பாடம்.

அரை மணி நேரத்தில் சங்கக் கொட்டகையில் தம்பியை ஒரு பெஞ்சின் முன் மண்டியிட வைத்தார்கள். வலது கையை பெஞ்சில் விரித்து இருவர் பிடித்துக்கொண்டார்கள். உன் சட்டை கருங்காலி உடம்பில் எப்படி ஏறியது, எவ்வளவு நாளாக முதலாளிக்கு ஆள் காட்டுகிறாய் என்று முட்டி கேட்டான். தம்பிக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாது என்று ஒவ்வொரு முறை சொன்னபோதும் சுத்தியல் காம்பு ஒரு விரல்மேல் விழுந்தது. சுண்டு விரல் உடைந்தது. மோதிர விரல் உடைந்தது. விறகு முறிகிற சத்தம்தான், ஒன்றும் பெரிதாக இல்லை, அதுதான் கொடுமை.

சலவைக்காரி ஓடி வந்தபோது நடு விரலின்மேல் காம்பு நின்றிருந்தது.

“அவனை விடு. சட்டை குடுத்தது நான்.”

முட்டி மெதுவாகத் திரும்பி, ஏன் கொடுத்தாய் என்று கேட்டான்.

“காது தொங்கிட்டு இருந்துச்சு.”

“அவன் கருங்காலி அக்கா. நம்ம சோத்துல மண்ணைப் போட வந்தவன்.”

“இருக்கட்டும். கருங்காலிக்குக் காது இருக்கக் கூடாதா?”

யாரோ ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு மட்டும் வராமலிருந்தால் முட்டி அவளை அடித்திருக்க மாட்டான் என்று பின்னால் பலரும் சொன்னார்கள். புறங்கையால் விட்ட ஒரே அறையில் அவள் கீழே விழுந்தாள். கீழ் உதடு கிழிந்தது. எழுந்திருந்து, அந்நியனுடைய சட்டை தன் தொட்டியில் ஊறுகிறது, வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

வந்து பார்த்தார்கள். பார்த்ததோடு நிற்கவில்லை. கடையை உடைக்க வந்தவர்கள், உடைப்பதற்கு முன்னால் அலமாரியில் வரிசையாகக் காலரைத் திருப்பித் தங்கள் துணியைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். மீன்காரன் மீனை எடுத்தான், கூரைக்காரன் கூரையை எடுத்தான். ஒருவன் மடிப்புக் கலையாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அதன் பிறகு தொட்டிகளைச் சம்மட்டியால் பிளந்தார்கள். இஸ்திரி மேசையைக் கவிழ்த்தார்கள். பாய்லர் குழாயை முறித்தபோது சீறிய ஆவியில் ஒருவனுக்கு முழங்கை வரை தோல் உரிந்தது. சலவைக்காரி ஓடிப்போய் அவன் கையையும் பச்சைத் தண்ணீருக்குள் பிடித்து வைத்தாள். அவன் அழுதுகொண்டே அவளைத் திட்டினான். அவள் பிடியை விடவில்லை.

தம்பி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். எல்லோரும் போன பிறகு சொன்னான்:

“நாலு பேர் முன்னாடி என்னைக் கருங்காலின்னு சொல்ல வச்சிட்டியே அக்கா. அந்த நூறுல ஒண்ணைக் குடுத்திருக்கலாம்ல?”

அவன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு சங்கக் கொட்டகைக்கே போய்விட்டான். சந்தேகம் துடைப்பதற்கு அவர்களிடம் ஒரே வழிதான் இருந்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் பாலத்தில் லாரியை மறிப்பது என்று முடிவாகியிருந்தது. முன்வரிசையில் நிற்கிறேன் என்று அவன் கையைத் தூக்கினான். தூக்கியது இடது கை.

செய்தி அவள் காதுக்கு வந்தது. போகாதே என்று சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று அவள் நினைத்தாள். உடையாமல் தப்பிய ஒரு வாளியில் அவனுடைய இன்னொரு சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, குழந்தையிடம் கொடுத்து அனுப்பினாள். அவன் வாங்கிப் போட்டுக்கொண்டானாம். உடைந்த விரல்களால் பொத்தான் போட முடியவில்லையாம். மேனேஜர்தான் ஐந்து பொத்தானையும் போட்டுவிட்டு வந்தாள்.

பாலத்தில் நடந்ததை யாரும் முழுதாகப் பார்க்கவில்லை. லாரி நின்றது, தார்ப்பாய் விலகியது, உள்ளே எப்போதும் வரும் இருபது பேர் இல்லை, ஐம்பது பேர் இருந்தார்கள், எல்லோர் கையிலும் கம்பி இருந்தது. முதல் நிமிடத்திலேயே முன்வரிசை சரிந்தது. ஒருவன் தாடை தனியாக ஆடியது. ஒருவன் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஆற்று மணலில் தலைகீழாக விழுந்தான். முட்டி தன் கம்பியைப் போட்டுவிட்டு ஓடினான், மற்றவர்களும் ஓடினார்கள். விழுந்தவர்களை விட்டுவிட்டு ஓடினார்கள்.

காலை எட்டு மணிக்குச் சைக்கிள் கடைக்காரர் வந்து வாசலில் தயங்கி நின்றார். உன் தம்பி பாலத்துக்கு அடியில் கிடக்கிறான், போய்விட்டான் என்று பேசிக்கொள்கிறார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவள் குழந்தையை அவர் மனைவியிடம் விட்டுவிட்டு ஓடினாள்.

பாலத்துக்கு அடியில் மணல் கறுத்துக் கிடந்தது. தம்பியின் ஒரு செருப்பு இருந்தது. தம்பி இல்லை. ஆஸ்பத்திரியில் பதினோரு பேர் படுத்திருந்தார்கள். அவர்களில் அவன் இல்லை. பிணவறைக்காரர் அவளுக்காக இரண்டு முகங்களைத் திறந்து காட்டினார். இரண்டும் வேறு யாரோ பெற்ற பிள்ளைகள். போலீஸ் நிலையத்தில் உட்காரச் சொன்னார்கள். உட்கார முடியவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அவள் கடவுளோடு வாதாடிக்கொண்டு வந்தாள். ஒருவனுக்கு ஒரு சட்டை கொடுத்தேன், அதற்கு என் தம்பியை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டாள். அன்றைக்குக் கதவைச் சாத்தியிருந்தால் இன்றைக்கு அவன் இருப்பானே என்று கேட்டாள். சாத்தியிருப்பாயா என்று அவளுக்குள்ளேயே ஒரு குரல் திருப்பிக் கேட்டது. இல்லை, சாத்தியிருக்க மாட்டேன் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக நடுத்தெருவில் வாய்விட்டு அழுதாள்.

தெருவே பாலத்தைப் பார்க்கப் போயிருந்தது. பின்சந்தில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. அவள் முற்றத்துக் கதவைத் தள்ளினாள்.

கொடிக் கயிறுகளுக்குக் கீழே, உடைந்த தொட்டியில் சாய்ந்தபடி தம்பி கிடந்தான். மூச்சு இருந்தது. முறிந்த காலுக்கு இரண்டு பக்கமும் தார்ப்பாய்க் கழிகள் வைத்துக் கட்டியிருந்தது. தலையைச் சுற்றி ஒரு துணிக்கட்டு. எட்டும் தூரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். அது அவள் வீட்டுச் சொம்புதான். எங்கே இருக்கும் என்று தெரிந்தவன் எடுத்து வைத்திருக்கிறான்.

தம்பி கண்ணைத் திறந்தான். சொற்கள் விட்டு விட்டு வந்தன.

“ஒருத்தன் கம்பியை ஓங்கிட்டான் அக்கா. நான் கண்ணை மூடிக்கிட்டேன். அடி விழல. காலர் புரண்டு குறி தெரிஞ்சிருக்கணும். கண்ணைத் திறந்தா, குனிஞ்சு என் காலரைத் திருப்பிப் பார்த்துட்டு இருக்கான். காதுல கட்டு போட்டிருந்தான்.”

அதற்குமேல் அவனுக்கு நினைவில்லை. ஒரு தோளில் தொங்கிக்கொண்டு வந்ததும், அந்தத் தோள்காரன் வழியெல்லாம் எதுவும் பேசாததும் மட்டும் தெரிந்தன. அந்நியனின் கூட்டத்தார் பார்த்திருந்தால் அவனைக் கொன்றிருப்பார்கள். இந்தத் தெருக்காரர்கள் பார்த்திருந்தாலும் கொன்றிருப்பார்கள்.

வைத்தியர் வந்து கட்டைப் பிரித்தபோது அவள் அந்தத் துணியை விரித்துப் பார்த்தாள். தம்பியின் சட்டைதான், காலர் இல்லாதது. முதுகுப் பகுதியை அந்நியன் பட்டை பட்டையாகக் கிழித்திருந்தான். தோள்பட்டையில் மூன்று நாளுக்கு முன் அவன் காதிலிருந்து இறங்கிய ரத்தம் இருந்திருக்க வேண்டும். அங்கே ஒரு பொட்டுக் கறை இல்லை. பச்சைத் தண்ணீரில் அலசிய துணி என்று அவள் விரல்களுக்குத் தெரிந்தது.

தம்பி பிழைத்தான். முட்டி இரண்டு நாள் கழித்து ஒரு பை பழத்தோடு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று குழந்தையிடம் கேட்டான். மேனேஜர் யோசித்துத்தான் விட்டாள். யார் தூக்கி வந்தார்கள் என்று அவன் கேட்டபோது, நினைவில்லை என்றான் தம்பி.

மூன்றாம் வாரம் ஒரு நாள் முற்பகல். அக்கா துணி கொடுக்கப் போயிருந்தாள். குழந்தை பள்ளிக்கூடம் போயிருந்தாள். தம்பி சுவரைப் பிடித்து, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு அலமாரிக்குப் போனான். கீழ்த்தட்டில், அன்று தொட்டியில் ஊறிய அந்தப் பழைய சட்டை இருந்தது. கிழிசல் தைத்து, இஸ்திரி போட்டு, யாருக்கென்று குறி இல்லாமல் மடித்து வைத்தது. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனும் கேட்டதில்லை.

மைப்புட்டியைத் திறந்தான். வலது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை. இடது கையால் காலருக்கு உள்ளே மெதுவாக வரைந்தான். அரை நிலா கொஞ்சம் கோணலாக வந்தது. லாரி இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது. கேட்டில் இன்னும் கம்பிகள் இருந்தன. இந்தக் குறியைப் பார்த்து இந்தப் பக்கத்தில் ஓங்கிய ஒரு கை அடிக்காமல் நின்றுவிடலாம். நிற்காமலும் போகலாம். மை காயும்வரை ஊதினான்.

முற்றத்தைக் கடக்க வெகுநேரம் ஆயிற்று. இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தான். பின்சந்தைப் பார்த்த குட்டைச் சுவரின்மேல் சட்டையை வைத்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்லை ஏற்றிவிட்டு வந்து படுத்துக்கொண்டான்.

அன்று மாலை அக்கா மைப்புட்டி திறந்து கிடப்பதைப் பார்த்தாள். அவன் கட்டை விரல் கறுத்திருப்பதையும் பார்த்தாள். புட்டியை மூடி, இருந்த இடத்தில் வைத்தாள்.

காலையில் சுவரின்மேல் கல் மட்டும் இருந்தது.